அமெரிக்காவில் 'பேக்' எனப்படும் அரசியல் குழுக்கள் நன்கொடைப் பணத்தை எப்படித் திரட்டுகின்றன, எதற்குச் செலவு செய்கின்றன?

'பேக்' என்றதும் பெரிய ஆபீஸ், நிறைய ஊழியர்கள் என்று நினைக்க வேண்டாம். ஒரு வங்கிக் கணக்கு, ஒரு பொருளாளர், ஃபெடரல் தேர்தல் ஆணையத்தில் ஒரு பதிவு, இவ்வளவு இருந்தால் போதும். மற்றதெல்லாம் அந்தக் கணக்கு வேட்பாளருக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பக்கத்தில் இருந்தால் சட்டம் வரம்பு போடும். தள்ளி நின்றால் வரம்பே இல்லை. அதனால் இந்தத் தொழிலில் இருப்பவர்களின் சாமர்த்தியமெல்லாம், தள்ளி நிற்பதாகக் காட்டிக்கொண்டு ஒட்டி நிற்பதில்தான் செலவாகிறது.

முதலில் பழைய வகை. நான் நியூ ஜெர்சியில் ஒரு பெரிய கம்பெனியில் வேலை பார்க்கிறேன். வருடத்துக்கு ஒரு தடவையாவது எங்கள் கம்பெனி பேக்கிடமிருந்து மெயில் வரும்: சம்பளத்தில் மாதாமாதம் ஒரு சிறு தொகை பிடித்துக்கொள்ளலாமா என்று. கீழே, 'கொடுப்பது உங்கள் விருப்பம், கொடுக்காவிட்டாலும் வேலைக்கு எந்தப் பாதிப்பும் வராது' என்று ஒரு வரி இருக்கும். அது பெருந்தன்மை இல்லை, சட்டப்படி சொல்லியே ஆக வேண்டியது. கம்பெனி தன் கல்லாவிலிருந்து வேட்பாளருக்குக் கொடுக்க 1907-லேயே தடை வந்துவிட்டது. 1943-ல் தொழிற்சங்கங்களுக்கும் அதே தடை வந்தபோது, சிஐஓ என்ற தொழிற்சங்கக் கூட்டமைப்பு தனியாக ஒரு நிதியைத் தொடங்கியது. அதுதான் முதல் பேக். கம்பெனிகள் பிறகு அதே வழியைப் பிடித்துக்கொண்டன. பேக்கை நடத்தும் ஆபீஸ் செலவைக் கம்பெனி ஏற்கலாம், வேட்பாளருக்குப் போகும் பணம் மட்டும் ஊழியர்கள், பங்குதாரர்களுடையதாக இருக்க வேண்டும்.

ஒருவர் ஒரு பேக்குக்கு வருடத்தில் 5,000 டாலர் வரை கொடுக்கலாம். பேக் ஒரு வேட்பாளருக்குத் தேர்தலுக்கு 5,000. பிரைமரியும் (கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல்) பொதுத் தேர்தலும் தனித்தனிக் கணக்கு என்பதால் மொத்தம் 10,000. தனிநபர் வேட்பாளருக்குக் கொடுக்கும் வரம்பு விலைவாசியோடு ஏறுகிறது (2025-26-க்கு 3,500 டாலர்). பேக்கின் 5,000 மட்டும் 1970-களில் வைத்த இடத்திலேயே நிற்கிறது.

இந்தக் காசுக்கு யார் மசிவார் என்று தோன்றும். ஒருவருக்குக் கொடுப்பதில்லையே, தங்கள் தொழிலைத் தொடும் நாடாளுமன்றக் கமிட்டியில் இருப்பவர்களுக்கு, இரண்டு கட்சியிலும், பரவலாகக் கொடுப்பார்கள். வாஷிங்டனில் ஒரு காலைச் சிற்றுண்டிக் கூட்டம், இருபது முப்பது பேர், ஆளுக்கொரு செக். அந்த மேஜையில் உட்கார ஓர் இடம், அடுத்த மாதம் போன் பண்ணினால் எடுக்கிற உரிமை, அதுதான் வாங்கப்படும் சரக்கு.

தலைவர்கள் பெயரில் நடக்கும் 'லீடர்ஷிப் பேக்' தனி ரகம். சக வேட்பாளர்களுக்கு உதவத்தான் என்று தொடங்குவார்கள். கணக்கைத் திறந்தால் கோல்ஃப் ரிசார்ட், ஸ்டேக் ஓட்டல் பில்களும் இருக்கும். பிரச்சாரப் பணத்தைச் சொந்தச் செலவுக்கு எடுக்கக் கூடாது என்ற விதியை ஆணையம் இந்தக் கணக்குகளுக்குப் பொருத்துவதில்லை.

சரி, 'சூப்பர் பேக்'குக்கு வருவோம். 2010-ல் வந்த இரண்டு தீர்ப்புகள் இதற்கு வழிவிட்டன. உச்ச நீதிமன்றத்தின் 'சிட்டிசன்ஸ் யுனைடெட்' தீர்ப்பு, வேட்பாளரோடு சேராமல் தனியாகச் செலவு செய்யக் கம்பெனிகளுக்கும் தடை போட முடியாது என்றது. அடுத்து 'ஸ்பீச்நவ்' வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம், அப்படித் தனியாக மட்டும் செலவழிக்கும் குழுவுக்கு நன்கொடை வரம்பும் கூடாது என்றது. ஆக ஒருவரே பத்து மில்லியன் கொடுக்கலாம், கம்பெனியும் கொடுக்கலாம். நிபந்தனை ஒன்றுதான்: வேட்பாளருக்கு நேராகப் பணம் தரக் கூடாது, அவரோடு பேசி வைத்துக்கொண்டு விளம்பரம் போடக் கூடாது.

பேசி வைக்காமல் எப்படி? 2014-ல் குடியரசுக் கட்சி செனட்டர் மிட்ச் மெக்கானல் தரப்பு யூடியூபில் ஒரு வீடியோ போட்டது. வசனமே இல்லை. மனிதர் மேஜையில் எழுதுகிறார், மனைவியோடு சிரிக்கிறார், பின்னணியில் இசை, இரண்டரை நிமிடம். டிவி நகைச்சுவையாளர்கள் அதை வைத்து ஒரு வாரம் ஓட்டினார்கள். ஆனால் விஷயம் இருந்தது: பொதுவில் கிடக்கும் காட்சியை எந்தச் சூப்பர் பேக்கும் எடுத்துத் தன் விளம்பரத்தில் வெட்டி ஒட்டிக்கொள்ளலாம். இப்போது வேட்பாளர்களின் தளத்திலேயே சிவப்புக் கட்டம் போட்டு, 'இந்த ஊரில் இருக்கும் பெண் வாக்காளர்கள் இதைக் கேட்டாக வேண்டும்' என்கிற மாதிரி எழுதி வைக்கிறார்கள். படிக்க வேண்டியவர்கள் படித்துக்கொள்வார்கள்.

செலவில் பெரும்பங்கு டிவிக்கும் இணைய விளம்பரத்துக்கும் போகும். இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. தேர்தலுக்கு முந்தைய 60 நாட்களில் டிவி நிலையங்கள் வேட்பாளருக்கு ஆகக் குறைந்த கட்டணத்தில்தான் நேரம் விற்க வேண்டும் என்பது சட்டம். சூப்பர் பேக்குக்கு அந்தச் சலுகை கிடையாது, அதே முப்பது வினாடிக்குப் பல மடங்கு கேட்பார்கள். விளம்பர நேரம் வாங்கித் தரும் ஆலோசகருக்குக் கமிஷன் வேறு. 2016 அதிபர் தேர்தலுக்குக் குடியரசுக் கட்சி வேட்பாளராக முயன்ற ஜெப் புஷ்ஷுக்காக 'ரைட் டு ரைஸ்' என்ற சூப்பர் பேக் 100 மில்லியன் டாலருக்கு மேல் திரட்டியது. அவர் அந்த வருடம் பிப்ரவரியிலேயே போட்டியிலிருந்து விலகிவிட்டார். ஆலோசகர்கள் யாரும் கமிஷனைத் திருப்பித் தந்ததாகக் கேள்வி இல்லை.

பணம் வேலை செய்த இடமும் உண்டு. 2024-ல் கிரிப்டோ கம்பெனிகளின் 'ஃபேர்ஷேக்' என்ற சூப்பர் பேக் கலிஃபோர்னியா செனட் பிரைமரியில் எம்.பி. கேட்டி போர்ட்டரை எதிர்த்துச் சுமார் 10 மில்லியன் இறக்கியது. விளம்பரங்களில் கிரிப்டோ என்ற பேச்சே இல்லை, அவர் வேறு கம்பெனிகளிடம் பணம் வாங்கினார் என்ற குற்றச்சாட்டுதான். அவர் தோற்றார். ஒஹாயோவில் செனட்டர் ஷெராட் பிரவுனைத் தோற்கடிக்க அதே கூட்டம் சுமார் 40 மில்லியன் செலவழித்தது. மற்ற எம்.பி.க்களுக்குச் செய்தி போய்ச் சேர்ந்திருக்கும்.

அதே வருடம் வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்கும் வேலையில் வேட்பாளரோடு கலந்து பேசலாம் என்று ஆணையமே அனுமதித்தது. டிரம்ப்பை ஆதரித்த எலான் மஸ்க்கின் 'அமெரிக்கா பேக்' அதைப் பயன்படுத்திக்கொண்டது. போட்டி கடுமையாக இருந்த மாநிலங்களின் வாக்காளர் ஒருவரை, பேச்சுரிமையையும் துப்பாக்கி உரிமையையும் ஆதரிக்கும் மனுவில் கையெழுத்துப் போட வைத்தால் 47 டாலர், தினமும் ஒருவருக்கு ஒரு மில்லியன். அந்த ஒரு மில்லியனுக்கு ஆட்களைக் குலுக்கலில் எடுக்கவில்லை, பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தோம் என்று அவர்கள் வக்கீலே பென்சில்வேனியா நீதிமன்றத்தில் சொன்னார்.

இதெல்லாம் பெரிய பணம். பத்து, இருபது டாலர் கொடுப்பவர் பாடுதான் எனக்கு வயிற்றெரிச்சல். 'இன்று நள்ளிரவோடு முடிகிறது, நீங்கள் போடுவதுபோல் ஐந்து மடங்கு சேர்க்கிறோம்' என்று இரண்டு கட்சிப் பக்கமிருந்தும் குறுஞ்செய்தி வரும். அந்த ஐந்து மடங்கைப் போடும் புண்ணியவான் யார் என்று எங்கும் இருக்காது. 2020 தேர்தல் முடிந்ததும் டிரம்ப் தரப்பு 'தேர்தல் பாதுகாப்பு நிதி' என்று கேட்டு மெயில் அனுப்பியது. அடியில் சின்ன எழுத்தில், 75 சதவீதம் அவருடைய 'சேவ் அமெரிக்கா' பேக்குக்கும் மீதி கட்சிக்கும் என்று இருந்தது. அப்படி ஒரு நிதியே இல்லை என்று 2021 ஜனவரி 6 நாடாளுமன்றத் தாக்குதலை விசாரித்த குழு பிறகு சொன்னது. 2023-ல் அவருடைய பேக்குகள் வக்கீல் செலவுக்கு மட்டும் 50 மில்லியனுக்கு மேல் கொடுத்தன. போலீஸ், முன்னாள் ராணுவத்தினர் பெயரைச் சொல்லிப் போனில் கேட்கும் மோசடிக் குழுக்கள் இன்னும் மோசம். வருவதில் பெரும்பகுதி போன் போட்ட கம்பெனிக்கே போய்விடும்.

நல்ல வேளை, 200 டாலருக்கு மேல் கொடுத்தவர் பெயர், வேலை, யாருக்கு எவ்வளவு செலவானது எல்லாம் ஆணையத்தின் தளத்தில் இருக்கிறது. பேக் பெயரைத் தேடி, வரவைவிடச் செலவுப் பக்கத்தை முதலில் பாருங்கள். நிதி திரட்டும் கம்பெனிகளே வரிசையாக இருந்தால் ஒதுங்கிவிடுங்கள். சூப்பர் பேக்கின் வரவில் லாப நோக்கற்ற அமைப்பு ஒன்றின் பெயர் இருந்தால் தடம் அங்கேயே அறுந்துவிடும், அதற்குக் கொடுத்தவர் பெயர் வெளியே வர வேண்டியதில்லை. கமலா ஹாரிஸுக்காக வேலை செய்த 'ஃபியூச்சர் ஃபார்வேர்ட்'டுக்கும் அப்படி ஒரு துணை அமைப்பு இருந்தது.

இங்கே எச்-1பி விசாவில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு: குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாமல் எந்த வகைப் பேக்குக்கும் ஒரு டாலர்கூடக் கொடுக்க முடியாது. உங்கள் பணத்தை கிரீன் கார்டு வைத்திருக்கும் நண்பர் பெயரில் போடுவதும் குற்றம், அதற்கு இரண்டு பேரும் மாட்டுவீர்கள்.