பனியன் ஜாப் ஒர்க் எடுக்க விலை கூடின தையல் மெஷின் வாங்கலாமா?

கேள்வி: வீட்டில் பெடல் மெஷினில் பிளவுஸ் தைக்கிறேன். திருப்பூர் பனியன் ஜாப் ஒர்க்குக்காக (கம்பெனி தரும் துணியைக் கூலிக்குத் தைப்பது) உயர்ரக பவர் மெஷின் வாங்கலாமா?

முதல்ல துணியைப் பாருங்க. பனியன் துணி இழுபடும். சிங்கிள் நீடில் (ஒற்றை ஊசி) மெஷின் என்ன விலையானாலும் அதன் நேர்த்தையல் இழுத்தால் அறுந்துபோகும். பக்கம் மூட்டவும் கை வைக்கவும் துணி ஓரத்தை நூலால் சுற்றித் தைக்கும் ஓவர்லாக் மெஷின்தான் வேணும், கீழ்மடிப்புக்கு பேட்லாக் (இழுத்தாலும் அறாத மடிப்புத் தையல் போடும் மெஷின்). அதனால் பனியன் வேலை உறுதியானால் காசை ஓவர்லாக்கில் போடுங்க. பிளவுஸ், சுடிதார் மட்டும் என்றால் சர்வோ மோட்டார் (மிதிக்கும்போது மட்டும் ஓடும் மோட்டார்) வைத்த சிங்கிள் நீடில் போதும். கிளட்ச் மோட்டார் விலை குறைவு. ஆனால் நீங்கள் தைக்காமல் நூல் வெட்டும் நேரத்திலும் அது ஓடி கரண்ட் இழுக்கும்.

கடைக்கு உங்க துணியையே கொண்டு போங்க. நாலு மடிப்பிலிருந்து எட்டு மடிப்புக்கு ஏறும் இடத்தில் தைத்து, திருப்பிப் பாருங்க. அடியில் நூல் வளையம் வளையமாகத் தொங்கினால் பெரும்பாலும் மேல்நூல் டென்ஷன் தட்டுக்குள் சரியாக உட்காரவில்லை. அதற்காக மெஷினை ஒதுக்க வேண்டாம். தையல் விட்டு விட்டு விழுந்தால் புது ஊசி போடுங்க, பனியனுக்கு 11ஆம் நம்பர் பால் பாயிண்ட் (முனை உருண்ட ஊசி). அப்பவும் விட்டால் ஹூக் டைமிங்கை, அதாவது அடியில் நூலைப் பிடிக்கும் ஹூக் ஊசியோடு சரியான நேரத்தில் சேருதா என்பதைச் சந்தேகப்படணும். பழைய மெஷினில் ஹூக் முனையை நகத்தில் மெதுவாக உரசுங்க. பிசிறு தட்டினால் நூல் அறுந்துகொண்டே இருக்கும்.

கணக்கு இதுதான்: கூடுதல் விலை 20,000 ரூபாய், மாதம் கூடுதலாக 2,500 கையில் நின்றால் போட்ட காசு திரும்ப 8 மாதம். ஆர்டர் வருஷம் முழுக்க வராதென்றால் அந்த 8 மாதத்தை இரண்டு வருஷமாக வைத்து யோசிங்க.