படகுக்கு அடியில்: வாசகர் கேள்வி – பதில்

(பதில் சொல்பவர்: தூத்துக்குடியில் முப்பது ஆண்டுகள் விசைப்படகுகளைக் கரையேற்றிச் சுரண்டிப் பெயிண்ட் அடித்தவர்.)

கேள்வி: மீன்பிடித் தடைக்காலத்தில், கடல் உயிர்கள் ஒட்டாமலிருக்க அடிப்பெயிண்ட் அடித்து இறக்கிய இரும்பு விசைப்படகு, ஐந்தே மாதத்தில் வேகம் குறைந்து டீசலைக் கூடுதலாகக் குடிக்கிறது. பெயிண்ட் கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? – பாம்பன் வாசகர்

கடைக்காரரிடம் போகும் முன் ஒரு ஆளை முங்கவிட்டு அடியைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள், தம்பி. முக்கியமாகப் புரொபெல்லரை. அதற்கு யாரும் பெயிண்ட் அடிப்பதில்லை. கொட்டலசு (பார்னக்கிள்: படகிலும் பாறையிலும் ஒட்டி வளரும் ஓடுள்ள சிறு கடலுயிர்) அங்கே தாராளமாக ஒட்டும். அந்த இறக்கைகள் சொரசொரப்பானாலே எஞ்சின் திணறும். கூலிங் தண்ணீர் இழுக்கும் குழாய் வாயையும் பாருங்கள். அது அடைத்தால் டீசலோடு போகாது, எஞ்சினே சூடாகிவிடும்.

அடுத்து, படகு எத்தனை நாள் கட்டியே கிடந்தது? கொட்டலசுக் குஞ்சு கடலில் மிதந்து வளர்ந்து, கடைசிப் பருவத்தில் தின்பதையே நிறுத்திவிட்டு இடம் தேடும். கண்ணுக்குத் தெரியாத அளவுதான் இருக்கும். உணர்கொம்பால் நடந்து நடந்து தடவிப் பார்த்து, இடம் பிடித்துப்போனால் தலையை வைத்துப் பசையை விடும். பிறகு சாகும்வரை அதே இடம்; கால்களால் தண்ணீரைத் துழாவித் தின்னும். ஓடுகிற படகில் அதற்குக் கால் ஊன்ற முடியாது. கட்டிக் கிடக்கிற படகுதான் அதற்கு வசதி.

மூன்றாவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. சுரண்டும்போது ஓடு உடைந்து விழும், ஆனால் அடித்தகடு பொட்டு வைத்தது மாதிரி வெள்ளை வட்டமாக இரும்பிலேயே நிற்கும். தடைக்காலம் முடிகிற அவசரத்தில் அதன்மேலேயே பெயிண்டை இழுத்துவிடுவார்கள். பிறகு அந்த வட்டம் பெயர்ந்து வரும்போது பெயிண்டையும் கூட்டிக்கொண்டு வரும், வெறும் இரும்பு தெரியும். உளி பிடித்து ஒவ்வொரு பொட்டாக எடுக்க வேண்டும். கை வலிக்கும், வேறு வழியில்லை.

நான் தொழில் பழகிய பட்டறையில் ஒருமுறை பிரைமர் அடிக்காமல், செம்புச் சத்துள்ள பெயிண்டை நேரடியாக இரும்பில் அடித்தோம். மறு வருடம் கரையேற்றியபோது தகடு அம்மை போட்ட முகம்போல் குழி குழியாக இருந்தது. உப்புத் தண்ணீரில் செம்பும் இரும்பும் தொட்டுக்கொண்டால் இரும்புதான் கரையும். அந்த முதலாளி எங்களைத் திட்டவில்லை. தகட்டைத் தடவியபடி நின்றார். இன்னும் அது மனதில் இருக்கிறது. அதேபோல், அடியில் போல்ட் போட்டிருக்கும் ஜிங்க் கட்டிமேல் பெயிண்ட் படக்கூடாது. இரும்புக்குப் பதிலாகத் தான் கரைவதுதான் அதன் வேலை. மூடிவிட்டால் எப்படிக் கரையும்?

கேள்வி: அந்தக் காலக் கட்டுமரத்துக்கு ஏன் இந்தத் தொல்லை இல்லை? – குளச்சல் வாசகர்

தினமும் கட்டவிழ்த்துக் கரையில் காயப்போட்டார்கள். வெயிலில் குஞ்சு பிழைக்காது.

கேள்வி: சுரண்டிய கொட்டலசு ஓடுகளையும் பழைய பெயிண்டையும் துறைமுகத் தண்ணீரிலேயே தள்ளுகிறார்கள். அது தப்பில்லையா? – நாகப்பட்டினம் வாசகி

தப்புதான் அம்மா. கொட்டலசைக் கொல்லப் பெயிண்டில் கலக்கும் மருந்து படகோடு நிற்பதில்லை. பிரான்சில் ஆர்க்காஷோன் என்ற வளைகுடா, சிப்பி வளர்ப்புக்குப் பெயர்பெற்றது. 1970-களின் கடைசியில் அங்கே சிப்பிக் குஞ்சே பிடிக்கவில்லை. பிழைத்த சிப்பிகளின் ஓடு தடித்து உருமாறியது. காரணம், உல்லாசப் படகுகளுக்கு அடித்த டிரைபியூட்டைல் டின் என்ற வெள்ளீய நச்சு கலந்த பெயிண்ட். 1982-ல் 25 மீட்டருக்குக் குறைந்த படகுகளுக்கு அதைத் தடை செய்தார்கள், சிப்பி திரும்ப வந்தது. உலகக் கப்பல்கள் எல்லாவற்றுக்குமான தடை உடன்படிக்கை 2001-ல் எழுதப்பட்டு 2008-ல்தான் நடைமுறைக்கு வந்தது.

இப்போது நாம் அடிக்கும் பெயிண்டில் மருந்தாக இருக்கும் செம்பும் சேற்றில் தங்கும். படகுக்கு அடியில் ஒரு தார்ப்பாய் விரித்துச் சுரண்டி, சாக்கில் கட்டுங்கள். ஒரு தார்ப்பாய்ச் செலவுதான்.

கேள்வி: எங்கள் ஆற்றில் காக்கா ஆழி மூடிவிட்டது. இது எங்கிருந்து வந்தது? – எண்ணூர் வாசகர்

தென் அமெரிக்கப் பக்கத்துச் சிப்பி இது. மைடெல்லா ஸ்ட்ரைகேட்டா என்பது அறிவியல் பெயர். கப்பலின் அடியில் ஒட்டியோ, பாரம் சமன்செய்ய ஏற்றிய கடல்நீரில் குஞ்சாகவோ வந்திருக்க வேண்டும். கேரளத்தின் அஷ்டமுடிக் காயலிலும் இதே கதைதான். அங்கே பச்சைச் சிப்பியின் இடத்தை இது பிடித்தது. கொசஸ்தலை ஆற்றில் சேற்றின்மேல் கறுப்புப் பாய் விரித்ததுபோல் படர்ந்து கிடக்கிறது. இறால் புதைய சேறு இல்லை, மஞ்ச மட்டிக்கு இடமில்லை. தண்ணீரில் கைவிட்டுத் துழாவி இறால் பிடிப்பவர்களுக்கு ஓடுதான் கையில் கிழிக்கிறது. கப்பல் யாருடையதோ, நட்டம் இவர்களுடையது. இதை அள்ளி அப்புறப்படுத்தும் செலவை அந்த மக்கள் தலையில் போடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

உங்களால் ஆகக்கூடியது ஒன்று உண்டு. இதைச் சுமந்து போகாமலிருக்க, பழவேற்காட்டுப் பக்கம் படகு எடுக்கும் முன் அடியையும் வலையையும் நங்கூரக் கயிற்றையும் பாருங்கள். ஒட்டியிருப்பதைக் கரையிலேயே சுரண்டி, நன்றாகக் காயவிட்டுப் பிறகு இறக்குங்கள். எடுத்ததைத் திரும்பத் தண்ணீரில் போடாதீர்கள்.