தவளை கடலைக் கடக்கவில்லை

குமுளியிலிருந்து எழுதியிருக்கும் ஐயாவுக்கு வணக்கம். இடுக்கி மலைகளில் வாழும் ஊதாத் தவளையின் நெருங்கிய உறவினங்கள் செசல்ஸ் தீவுகளில் இருப்பதாகப் படித்த தங்கள் மகள், உப்புநீர் தாங்காத தவளை கடலைத் தாண்டியது எப்படி என்று கேட்டதாகச் சொல்லியிருந்தீர்கள். மிக நல்ல கேள்வி. தவளை கடக்கவில்லை, நிலம்தான் பிரிந்தது. கோண்டுவானா என்ற பெருநிலத்தின் துண்டுகளாக ஒட்டியிருந்த இந்தியாவும் செசல்ஸும் ஏறத்தாழ 6.5 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான் விலகின. இவ்விரு தவளைக் கிளைகளோ அதற்கும் வெகுகாலம் முன்பே பிரிந்துவிட்டன. ஆகவே, செசல்ஸ் தவளைதான் நம் தவளையாக மாறியது என்று மட்டும் மகளுக்குச் சொல்லிவிடாதீர்கள்: இரண்டும் ஒரே மூதாதையின் வழித்தோன்றல்கள், பிரிந்தபின் இரண்டும் ஒரே அளவு காலம் தத்தம் வழியில் மாறி வந்தவை. 2003-இல் அறிவியல் பெயர் பெற்ற ஊதாத் தவளை, ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்கடியிலேயே கழிக்கிறது. 2017-இல் இதே பேரினத்தின் இன்னோர் இனம் தமிழ்நாட்டுப் பக்கம், திருவில்லிபுத்தூர் மலைச்சரிவிலிருந்து விவரிக்கப்பட்டது என்பதையும் சொல்லுங்கள்.