கம்ப்யூட்டர் கேள்வி பதில்: சிக்னல் சிவப்பாகவே நிற்கிறதா?

நம் தென்னாப்பிரிக்காவில் டிசம்பர் விடுமுறை முடிந்தால் போதும், இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்கள் மாறிவிடும். பிரிண்டர், வைஃபை எல்லாம் ஓரம் போய், கம்ப்யூட்டரில் லைன் கட்டி வண்டி ஓட்டும் ரயில் சிமுலேட்டர் முன்னால் வந்து நிற்கும். நான் ரிலே (மின்காந்த சுவிட்ச்) அறைகளில் சிக்னல் வேலை பார்த்தவன் என்பது வாசகர்களுக்குத் தெரிந்துவிட்டதன் பலன். வந்ததில் சில இங்கே.

அங்கிள், டர்பனிலிருந்து க்ராஸ்மூர் வரை எங்கள் சாட்ஸ்வொர்த் லைனை ஓப்பன் ரெயில்ஸ் சிமுலேட்டரில் கட்டிக்கொண்டிருக்கிறேன். மெரிபேங்க் பக்கம் கிளை பிரியும் இடத்தில் தென்கரை லைனில் நேராகப் போனால் பச்சை விழுகிறது. சாட்ஸ்வொர்த் கிளையில் ஹேவன்சைட் பக்கம் திரும்பினால் எப்போதும் சிவப்பு. முன்னால் ஒரு வண்டியும் இல்லை. சிக்னலை அழித்துவிட்டு வேறு வைத்தும் பார்த்துவிட்டேன். – சாட்ஸ்வொர்த் வாசகர்

அழித்து அழித்து வைப்பதை முதலில் நிறுத்துங்கள் தம்பி. அப்படிச் செய்தால் தரவுக் கோப்பில் காலி இடங்கள்தான் சேரும், கோளாறு இருந்த இடத்திலேயே இருக்கும்.

நிஜ லைனில் காரணமில்லாமல் சிவப்பு விழுந்தால் நாங்கள் உடனே கம்பத்தில் ஏறமாட்டோம், தண்டவாளத்தோடு நடப்போம். 1872இல் வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் கொண்டுவந்த ட்ராக் சர்க்யூட்தான் இன்னும் பல இடங்களில் அடிப்படை. தண்டவாளம் வழியாக ஓடும் சிறு மின்னோட்டம் ஒரு ரிலேயைப் பிடித்து வைத்திருக்கும். வண்டி வந்தால் அதன் சக்கரங்களும் அச்சும் இரண்டு தண்டவாளங்களையும் இணைத்துவிடும். ரிலே விழும், சிக்னல் சிவக்கும். தண்டவாளம் உடைந்தாலும் விழும், கேபிள் அறுந்தாலும் விழும், நம் ஊர் கோடை மழையில் ஜல்லி ஊறி மின்சாரம் கசிந்தாலும் விழும். சந்தேகம் என்றால் சிவப்பு, அவ்வளவுதான் அதன் புத்தி.

சிமுலேட்டரில் ரிலே கிடையாது, ஆனால் புத்தி அதேதான். சிக்னலின் நிறத்தைத் தீர்மானிக்கும் ஸ்கிரிப்ட் முக்கியமாக மூன்று விஷயம் பார்க்கிறது. தன்னை நோக்கி ஒரு வண்டி வருகிறதா, முன்னால் உள்ள பிளாக் (அடுத்த சிக்னல் வரையிலான தடம்) காலியா, பாயிண்ட் (வண்டியைத் தடம் மாற்றிவிடும் இடம்) சரியான பக்கம் இருக்கிறதா. ஒன்றுக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தாலும் சிவப்புதான்.

அதனால் நீங்கள் எந்த முறையில் ஓட்டினீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். ஆக்டிவிட்டியில் (முன்கூட்டியே வகுத்து வைத்த பயணத்தில்) ஓட்டினால் வண்டி எங்கே போகவேண்டும் என்பதைப் பாதைக் கோப்பு ஏற்கெனவே தீர்மானித்திருக்கும். அதில் தென்கரை என்று இருந்தால், நீங்கள் ஜி விசையைத் தட்டி ஹேவன்சைட் பக்கம் பாயிண்ட்டைத் திருப்பினாலும் சிக்னல் உங்களுக்காக இறங்கி வராது. இஷ்டப்படி ஓட்டும் எக்ஸ்ப்ளோர் முறையில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பச்சை விழுந்தால் ரூட்டில் (நீங்கள் கட்டிய லைனில்) குறை இல்லை, பாதைக் கோப்பில் பாதையை மட்டும் மாற்றி வரையுங்கள்.

அங்கேயும் சிவப்பா? அமைப்புகளில் டிஸ்பேச்சர் ஜன்னலுக்கு (லைனின் வரைபடம்) டிக் போட்டுவிட்டு, ஓட்டும்போது கண்ட்ரோலோடு 9ஐ அழுத்துங்கள். அந்த வரைபடத்தில் மரம், வீடு, ஜல்லி எதுவும் வராது. தரவுத்தளத்தில் இருக்கும் தடம் மட்டும் கோடாக வரும். கண்ணுக்குத் தண்டவாளம் ஒட்டியிருப்பதுபோலத் தெரியும் இடத்தில் இந்தக் கோடு பாயிண்ட்டைத் தாண்டியதும் முடிந்துபோகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அதுதான் உங்கள் உடைந்த தண்டவாளம். கையளவு இடைவெளி போதும், தடம் அங்கே தீர்ந்தது என்று சிமுலேட்டர் எடுத்துக்கொள்ளும். கிளையின் முதல் துண்டை எடுத்துவிட்டு, பாயிண்ட்டின் காலிலிருந்தே (பிரிந்து போகும் தடத்தின் முனை) தொடங்கி ஒட்டவைத்துப் போட்டுக்கொண்டு போங்கள். இரண்டு பக்கமிருந்தும் போட்டு வந்து நடுவில் மிஞ்சும் இடைவெளியை, நீளம் மாற்றிக்கொள்ளும் டைனமிக் துண்டால் அடைப்பது பலருக்குப் பழக்கம். நேர்ப்பாதையில் செய்துகொள்ளுங்கள். பாயிண்ட்டை ஒட்டி அந்த வேலை வேண்டாம்.

கோடு தொடர்ச்சியாக இருந்தால் மட்டும் சிக்னல் பக்கம் வாருங்கள். கிளை சந்திப்பு சிக்னலில் ஒவ்வொரு தலையும் (விளக்குத் தொகுதியும்) ஒரு வழிக்கு உரியது. எந்தத் தலை எந்தக் காலைப் பார்க்கவேண்டும் என்று எடிட்டரில் நீங்கள்தான் இணைத்துக் காட்டவேண்டும். இரண்டு தலையையும் தென்கரைக் காலோடு இணைத்துவிட்டால் சாட்ஸ்வொர்த் வண்டிக்குப் பதில் சொல்ல ஆளே இல்லை. உங்கள் கடிதத்தைப் படித்தால் எனக்கு இதன்மேல்தான் சந்தேகம், நேர்வழி ஒழுங்காக வேலை செய்கிறதே! இன்னொன்று: கம்பத்தின் உருவத்தை மட்டும் சுழற்றினால் சிக்னல் திரும்பிவிடாது. அதன் திசை தரவுத்தளத்தில் தனியாக எழுதப்பட்டிருக்கிறது.

வேறொரு ரூட்டிலிருந்து சிக்னலை எடுத்திருந்தால், சிக்னலின் வகைகளும் விதிகளும் எழுதியிருக்கும் சிக்‌சிஎஃப்ஜி கோப்பும் சிக்‌எஸ்சிஆர் கோப்பும் ஜோடியாக வந்தனவா என்றும் பாருங்கள். டெஸ்க்டாப்பில் விழும் ஓப்பன்ரெயில்ஸ்லாக் கோப்பைத் திறந்தால் எச்சரிக்கை எழுதியிருக்கும். அதைப் படிக்காமலேயே எனக்குக் கடிதம் போடுகிறவர்கள்தான் அதிகம்.

மாமா, வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போது லோட் ஷெடிங்கில் கரண்ட் போய்விட்டது. ரூட் திறக்கவில்லை. நண்பரிடம் கொடுத்து வைத்திருந்த பழைய டிடிபி (தடத் தரவுத்தளம்) கோப்பை எடுத்துப் போட்டேன். இப்போது திறக்கிறது, ஆனால் கம்பங்கள் நிற்கின்றனவே தவிர வண்டி அவற்றை மதிப்பதில்லை. – பீனிக்ஸ் வாசகி

மதிக்காது அம்மா. நீங்கள் கண்ணால் பார்க்கும் கம்பம் வேர்ல்ட் கோப்பில் (காட்சிப் பொருட்கள் இருக்கும் கோப்பு) இருக்கிறது, அதன் உயிர் டிடிபியில் இருக்கிறது. நடுவில் இருப்பது ஓர் எண் மட்டும். பழைய டிடிபியில் அந்த எண் வேறு எதற்காவது சொந்தமாக இருக்கலாம், இல்லாமலேயே போயிருக்கலாம். நண்பரிடம் அதே நாளைய வேர்ல்ட் கோப்புகளும் இருந்தால் இரண்டையும் சேர்த்துப் போடுங்கள். அதற்குப் பின் செய்த வேலை போய்விடும், வருத்தம்தான். இல்லையென்றால் செயலிழந்த சிக்னல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு வைக்கவேண்டும். இனிமேல் ரூட் கோப்புறை முழுவதையும் தேதி போட்டு நகல் எடுங்கள், தனிக் கோப்பாக வேண்டாம். கரண்ட் வெட்டு அட்டவணையை நம்பி சேவ் செய்கிற வேலையும் வேண்டாம். ஒரு சிறிய யூபிஎஸ் வாங்கி வையுங்கள்.

நம் நாட்டுத் தண்டவாளம் கேப் கேஜ், அதாவது 1067 மில்லிமீட்டர் அகலம். சிமுலேட்டரோடு வரும் தடம் அகலமாக இருக்கிறது. இதனால் சிக்னலும் கெடுமா? – டொங்காட் வாசகர்

கெடாது. தரவுத்தளத்துக்குத் தெரிந்தது தடத்தின் நடுக்கோடு மட்டும். தண்டவாளம் 1067 மில்லிமீட்டரா 1435ஆ என்பது உருவக் கோப்பின் விஷயம். கேப் கேஜ் உருவங்களும் அவற்றைப் பட்டியலிடும் டிசெக்‌ஷன் கோப்பும் சேர்ந்து இருக்கவேண்டும். அந்தக் கோப்பில் பொதுவான எண்களைக் கைவைத்து மாற்றினால் உங்கள் ரூட் வேறு கம்ப்யூட்டரில் திறக்காது. பெட்டிகளின் விவரம் எழுதிய வேக் (wag) கோப்பில் ஓஆர்டிஎஸ்ட்ராக்கேஜ் என்ற வரியில் அகலத்தை எழுதினால் வளைவில் இழுவைக் கணக்கும் சரியாக வரும்.

ஒரு வேடிக்கை தெரியுமா? நம் முன்னோர் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்திறங்கியது 1860 நவம்பர். அதே ஆண்டு ஜூனில்தான் டர்பனிலிருந்து பாயிண்ட் துறைமுகத்துக்கு நாட்டின் முதல் ரயில் ஓடியது. அந்தத் தடம் 1435தான், கேப் கேஜ் பின்னால் வந்தது. ஆகவே யாராவது அந்தக் காலத்து டர்பனைக் கட்டினால் சிமுலேட்டரின் சாதாரணத் தடமே பொருத்தம். செய்தால் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.

ஒற்றைத் தடத்தில் எதிரெதிராக இரண்டு வண்டிகள் வந்து முட்டுக்கட்டையாக நின்றுவிடுகின்றன. லூப் லைன் இருந்தும் ஒதுங்கமாட்டேன் என்கின்றன. – மெரிபேங்க் வாசகர்

லூப் தரையில் இருந்தால் போதாது, பாதைக் கோப்பிலும் இருக்கவேண்டும். பாதையை வரையும்போது அந்த நிலையத்தில் கடப்புப் பாதை என்று லூப்பையும் சேர்த்து வரையுங்கள். லூப் வண்டியின் நீளத்தைவிடக் குறைவாக இருந்தாலும் வேலைக்கு ஆகாது. வெளியேறும் சிக்னலைப் பாயிண்ட்டுக்கு மிக அருகில் நட்டிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். வண்டி அதற்குமுன் நின்றாலும் அதன் மூக்கு பக்கத்துத் தடத்தை உரசும் இடத்தில் இருந்தால் எதிர்வண்டிக்கு வழி கிடைக்காது. சற்றுப் பின்னால் தள்ளி வையுங்கள்.

நிஜத்தில் பாதி நாள் கேபிள் திருட்டால் சிக்னலே எரிவதில்லை. எல்லாம் பச்சையாக இருந்தால் அது நம் ஊர் ரூட்டாகவே தெரியவில்லை அங்கிள். – ஐசிபிங்கோ வாசகர்

உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்துவிட்டேன், அப்புறம் வயிறு எரிந்தது. செம்புக் கம்பியை அறுத்துக்கொண்டு போன இடத்தில் இரவில் டார்ச் பிடித்து நின்றவர்களுக்குத்தான் அது தெரியும். கேபிள் போனால் கட்டுப்பாட்டு அறையிலிருந்து அனுமதி வாங்கி, மெதுவாக ஒவ்வொரு சிக்னலாகக் கடந்து போகவேண்டும்.

சிமுலேட்டரில் அதற்கு வழி இருக்கிறது. ஓப்பன் ரெயில்ஸ் ஏற்றுக்கொள்ளும் பழைய மைக்ரோசாஃப்ட் ட்ரெயின் சிமுலேட்டரின் ஆக்டிவிட்டி எடிட்டரில் குறிப்பிட்ட சிக்னலைப் பழுதானது என்று குறிக்கலாம், தற்காலிக வேகக் கட்டுப்பாட்டுப் பகுதியும் வைக்கலாம். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் தடத்தின் அடிமண் கரைந்துபோன மாதிரி இடங்களுக்கு இந்த இரண்டாவது வசதி நன்றாகப் பொருந்தும். ஓப்பன் ரெயில்ஸில் சிவப்புக்கு முன்னால் நின்று டேப் விசையை அழுத்தினால் கடந்துபோக அனுமதி கேட்கும். ஆனால் தொலைவில் வரும்போதே அழுத்தாதீர்கள். வண்டியை முழுதாக நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.