மாலைக் கணக்கும் மேக்கப் அறைச் சண்டையும்

கேள்வி: கரூர்ப் பக்கம் ஆடல் பாடல் குழுவில் ஆடிக்கொண்டிருந்தவள் நான். இப்போது துபாயில் ஒரு ஹோட்டலின் தமிழ் கிளப்பில் ஆடுகிறேன். எனக்கு மூத்த அக்கா ஒருவருக்கு வழக்கமாக மாலை போடும் வாடிக்கையாளர், போன மாதம் எனக்கும் போட்டார். அன்றிலிருந்து நான் ஆளைப் பிடித்துக்கொண்டேன் என்று பேச்சு. மேக்கப் அறையில் ஒருவரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆடை மாற்றும்போது யாரோ எடுத்த என் படத்தை எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வேறு போட்டுவிட்டார்கள். நாக்கைப் பிடுங்கிக்கொள்வது போல நாலு வார்த்தை பேசிக் குரல் பதிவு அனுப்பலாமா என்று கை துடிக்கிறது. மேனேஜரோ, "உங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்கிறார். என் பாஸ்போர்ட் அவரிடம் இருக்கிறது. வம்பில் சிக்காமல் சம்பாதித்துக்கொண்டு ஊர் திரும்ப வழி சொல்லுங்கள். அந்தப் படம் அம்மா கண்ணில் பட்டால் என்ன செய்வேன்?
– பெயர் வெளியிட வேண்டாம்

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் அந்த அக்காவை எடுத்துக்கொள்வோம். அவருக்கு உங்கள் மேல் தனிப்பட்ட பகை இருப்பதாக உங்கள் கடிதத்தில் எனக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. கோபமெல்லாம் மாலையைச் சுற்றித்தான்.

அந்தக் கிளப்புகளைப் பார்த்திராத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. பிடித்த ஆட்டக்காரிக்கு வாடிக்கையாளர் காசு கொடுத்து மாலை வாங்குவார். சர்வர் அதை மேடைக்குக் கொண்டுபோய் அந்தப் பெண்ணின் கழுத்தில் போடுவார். கொஞ்ச நேரத்தில் மாலை கழுத்தைவிட்டு இறங்கிக் கவுன்டருக்குத் திரும்பிவிடும், அடுத்த மேஜைக்கு விற்பதற்கு. வாடாத செயற்கை மாலை என்பதால் ஒன்றே ஓர் இரவில் பல கழுத்துகளைப் பார்த்துவிடும். மாலைக்கு மேலே, கூடுதல் விலையில் கிரீடமும் உண்டு. யார் பெயருக்கு நேரே எத்தனை விழுந்தது என்று கவுன்டரில் கணக்கு வைப்பார்கள். மாதத்துக்கு இத்தனை மாலை வர வேண்டும் என்று இலக்கு வைக்கும் கிளப்புகளும் இருக்கின்றன.

இப்படி ஓர் ஏற்பாட்டில், ஒரு மேஜையின் பார்வை இடம் மாறினால் ஒருத்தியின் வருமானம் இடம் மாறுகிறது. அந்த அக்காவுக்கு வயது ஏறுகிறது, ஊரில் அவரை நம்பி நாலு வயிறு இருக்கலாம். அவர் உங்களை முறைக்காமல் வேறு யாரை முறைப்பார்? கணக்கு நோட்டை வைத்திருப்பவரை முறைக்க முடியாதே. பெண்கள் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருக்கும்வரை அந்த நோட்டைக் காட்டு என்று யாரும் கேட்கப்போவதில்லை என்பது மேனேஜருக்கு நன்றாகவே தெரியும். பேசித் தீர்த்துக்கொள்ளச் சொன்ன அவருடைய பெருந்தன்மையை நான் அவ்வளவு சீக்கிரம் நம்ப மாட்டேன்.

எனவே உங்களுக்கென்று ஒரு சின்ன நோட்டு வாங்குங்கள். தேதி, மேஜை எண், எத்தனை மாலை. அறைக்குக் கிளம்பும் முன் கவுன்டரில் உங்கள் கணக்கோடு அவர்கள் கணக்கை ஒப்பிட்டுப் பாருங்கள். அதிகாலையில் கால் கடுக்க நிற்கும்போது இதெல்லாம் எதற்கு என்று தோன்றும். எழுதுங்கள். சம்பளத்தில் கை வைத்தால் பேசுவதற்கு உங்களிடம் இருக்கப்போவது அது ஒன்றுதான். இன்னொருத்தியின் கணக்கைக் கேட்காதீர்கள், உங்களுடையதையும் காட்டாதீர்கள். மேக்கப் அறையின் பாதிச் சண்டை "அவளுக்கு இன்று எத்தனை?" என்பதில்தான் பிறக்கிறது.

அந்த அக்காவிடம் நேரே போங்கள், தனியாக இருக்கும்போது. "அக்கா, உங்களுக்கு வழக்கமாகப் போடுகிறவர் அன்று எனக்கும் ஒரு மாலை போட்டார். நான் கேட்டு வாங்கவில்லை. இனி அப்படி வந்தால் நானே முதலில் உங்களிடம் சொல்லிவிடுகிறேன்." இவ்வளவு போதும். மன்னிப்புக் கேட்க வேண்டாம், மன்னிப்புக் கேட்டால் ஏதோ செய்ததாக ஆகிவிடும். சொன்னபடி அடுத்த முறை சொல்லியும் விடுங்கள். அவர் சமாதானமாவாரா என்பதற்கு என்னால் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் நடுவில் கோள் மூட்டுகிறவர்களுக்குச் சரக்கு தீர்ந்துவிடும். அந்த வாடிக்கையாளருக்கு உங்கள் சொந்த போன் எண்ணை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்த மறுநாளே ஊர் சொல்வது உண்மையாகிவிடும்.

மற்றபடி உங்கள் கண்மை, இமை ஒட்டும் பசை, ஹேர்பின் எல்லாம் தனிப் பையில் இருக்கட்டும். இரவலும் வேண்டாம், கைமாற்றும் வேண்டாம், சீட்டுப் பிடிப்பதில் சேரவும் வேண்டாம்.

குரல் பதிவு விஷயத்துக்கு வருகிறேன். அனுப்பவே அனுப்பாதீர்கள். ஊரில் வாட்ஸ்அப்பில் ஏசினால் பெரும்பாலும் உறவு அறுந்துபோவதோடு முடிந்துவிடும். அங்கே அது குற்றம். ஐக்கிய அரபு அமீரகத்தில் 2021-ஆம் ஆண்டு வந்த 34-ஆம் எண் இணையக் குற்றச் சட்டத்தின்படி, போன் வழியாக ஒருவரை இழிவாகப் பேசினால் சிறைத்தண்டனையோ 2,50,000 முதல் 5,00,000 திர்ஹாம் வரை அபராதமோ விதிக்கலாம். நீங்கள் அனுப்பும் ஒரு நிமிடப் பதிவை எதிராளி அப்படியே போலீஸில் போட்டுக் காட்டினால் உங்கள் நியாயமெல்லாம் காற்றில் போய்விடும்.

அதே சட்டம் உங்களுக்கும் கை கொடுக்கிறது. அனுமதியில்லாமல் ஒருவரைப் படமெடுத்து அவருடைய அந்தரங்கத்தில் நுழைவதற்குக் குறைந்தது ஆறு மாதச் சிறை, 1,50,000 முதல் 5,00,000 திர்ஹாம் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்தக் குழுவில் படம் வந்ததை, அனுப்பியவர் எண்ணும் நேரமும் தெரிய, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். யாருக்கும் அதை அனுப்பாதீர்கள். பிறகு போட்டவரை நேரில் பார்த்து, சத்தம் போடாமல், சட்டத்தைச் சொல்லி அழிக்கச் சொல்லுங்கள். இந்த அபராதத் தொகையைக் கேட்டபின் பெரும்பாலும் விரல் தானாக வேலை செய்யும். மறுத்தால் துபாய் போலீஸின் இ-கிரைம் இணையதளத்தில் புகார் கொடுக்க வழி இருக்கிறது.

இனி, நீங்கள் போகிற போக்கில் ஒரே வரியில் எழுதியிருந்த விஷயம். கடிதத்தில் என்னை உலுக்கியதே அதுதான். பாஸ்போர்ட் மேனேஜரிடம் இருப்பதை மேக்கப் அறை வம்போடு சேர்த்து எழுதியிருக்கிறீர்கள். அதை எவரும் "பிரச்சினை வேண்டாம்" என்று பொறுத்துக்கொள்ளக் கூடாது. 2021-இன் 33-ஆம் எண் தொழிலாளர் சட்டப்படி வேலை கொடுப்பவர் தொழிலாளியின் ஆவணங்களைப் பிடித்து வைக்கக் கூடாது. பாலியல் தொந்தரவு, மிரட்டல், சொல்லாலோ கையாலோ செய்யும் வன்முறை எல்லாவற்றையும் அதே சட்டம் தடுக்கிறது, செய்வது முதலாளியானாலும் சக ஊழியரானாலும். வாடிக்கையாளரோடு வெளியே போய் வா என்று யாராவது சொன்னால், அதையும் இந்தப் பட்டியலில்தான் வையுங்கள்.

பாஸ்போர்ட்டை முதலில் சாதாரணமாகக் கேளுங்கள். ஊருக்குப் பணம் அனுப்ப, வங்கிக்கு என்று ஏதாவது காரணம் சொல்லலாம், தவறில்லை. இழுத்தடித்தால் 800 46342 என்ற எண்ணில் இந்தியத் தூதரகத்தின் உதவி மையத்தைக் கூப்பிடுங்கள். கட்டணமில்லாத எண். என்ன விசாவில் போயிருக்கிறீர்கள் என்று எழுதவில்லையே? விசிட் விசா என்றால் அதில் வேலை செய்வதே சட்டப்படி செல்லாது, பயமுறுத்த அவர்களுக்கு அது ஒரு கயிறு. அப்படியானால் தொழிலாளர் துறைக்கு நேரே போகாமல், முதலில் இந்த மையத்தில் உள்ளதை உள்ளபடி சொல்லி யோசனை கேளுங்கள்.

அம்மாவைப் பற்றிக் கேட்டீர்கள். திருவிழா மேடைகளில் நீங்கள் ஆடியதைப் பார்த்தவர்தானே அவர். மகள் ஆடுகிறாள் என்பது அவருக்குப் புதிதில்லை. இந்த வாரமே போன் செய்து, "இங்கே ஒருத்தி எனக்குத் தெரியாமல் என்னைப் படமெடுத்து வைத்திருக்கிறாள் அம்மா, யாராவது அனுப்பினால் பதறாதே, அனுப்பியவர் எண்ணை மட்டும் எனக்குச் சொல்" என்று சொல்லிவிடுங்கள். திட்டுவார், கொஞ்சம் அழவும் செய்வார். அதன் பிறகு அந்தப் படத்தை வைத்து உங்களை மிரட்ட யாருக்கும் வழி இருக்காது.