ட்ரைபாட் ஹெட்: எதற்குப் பணம் கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்?

கேள்வி: என்னிடம் உறுதியான ட்ரைபாட் கால்கள் இருக்கின்றன, அதன் மேல் கேமராவைப் பிடித்து வேண்டிய பக்கம் திருப்ப உதவும் ஹெட் மட்டும் தனியாக வாங்க வேண்டும். நிலக்காட்சிகளையும், 100 மி.மீ. மேக்ரோ லென்ஸில் பூக்களையும் படமெடுக்கிறேன். கேமராவும் லென்ஸும் சேர்ந்து 2 கிலோவைத் தாண்டுவதில்லை. மலிவான சில பால் ஹெட்டுகள் (ஒரு பந்தின் மேல் கேமராவை எல்லாப் பக்கமும் திருப்பிப் பூட்டும் வகை) 20 கிலோ தாங்கும் என்கிறார்கள். அதைவிடப் பல மடங்கு விலையுள்ள ஒன்று 8 கிலோதான் தாங்குமாம். எதை நம்பி வாங்குவது?

பதில்: அந்த எடைக் கணக்கை நம்பி வாங்காதீர்கள். எல்லா நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும் பொதுவான அளவீட்டு முறை எதுவும் இதற்கு இல்லை. ஒருவர் ஹெட்டை நிமிர்த்தி வைத்து அதன் தலைமேல் எவ்வளவு எடை ஏற்றலாம் என்று பார்க்கிறார். இன்னொருவர் கேமராவைச் சாய்த்த நிலையில் சோதித்து, அதிலும் பாதுகாப்புக்கென ஒரு பங்கைக் கழித்துக்கொண்டு எழுதுகிறார். ஆகவே 8 கிலோ என்று போட்டிருக்கும் ஹெட், 20 கிலோ என்று போட்டிருப்பதைவிட உறுதியாக இருப்பதில் வியப்பில்லை.

மேலும், உங்கள் படத்தைக் கெடுப்பது எடை மட்டுமன்று. கேமராவின் எடை மையம் பந்தின் நடுவிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறதோ, அவ்வளவுக்குப் பந்தைத் திருப்பப் பார்க்கும் விசையும் கூடும். அதே 2 கிலோ, 5 செ.மீ. தள்ளி இருப்பதற்குப் பதில் 10 செ.மீ. தள்ளி இருந்தால் அவ்விசை இரண்டு மடங்காகிவிடும். இதனால்தான் பூட்டும் குமிழை இறுக்கிவிட்டுக் கையை எடுத்ததும் லென்ஸின் முனை மெல்லக் கீழே இறங்குகிறது. அகன்ற கோண நிலக்காட்சியில் இதை நீங்கள் கவனிக்கவே மாட்டீர்கள். ஆனால் மேக்ரோவில், பொருளின் உண்மை அளவே சென்சாரில் பதியும் 1:1 அளவில் எடுக்கும்போது முழு அளவு சென்சார் பார்க்கும் பரப்பே 36 × 24 மி.மீ.தான், அங்கே ஒரு மில்லிமீட்டர் இறங்கினாலும் சட்டகத்தின் உயரத்தில் 24இல் ஒரு பங்கு நகர்ந்துவிடும். உங்களைப் போன்றவருக்கு ஒரு ஹெட்டின் உண்மையான மதிப்பு, பூட்டிய இடத்தில் அது நிற்கிறதா என்பதில்தான் இருக்கிறது என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

இதைக் கடையிலேயே சோதிக்கலாம். உங்கள் மேக்ரோ லென்ஸை மாட்டி, கேமராவை முன்பக்கமாகச் சாய்த்து, கேமராத் திரையில் நேரடிக் காட்சியைக் காட்டும் லைவ் வியூவில் பெரிதாக்கி, ஏதேனும் ஒரு புள்ளியைத் திரையின் நடுவே கொண்டுவந்து பூட்டுங்கள். இறுக்கும்போதே புள்ளி நகர்ந்தாலும், கையை எடுத்தபின் குறிப்பிடத்தக்க அளவு இறங்கினாலும் அந்த ஹெட் வேண்டாம். பிறகு லென்ஸை விரலால் மெல்லத் தட்டி, அதிர்வு எவ்வளவு விரைவில் அடங்குகிறது என்றும் பாருங்கள்.

பந்தின் விட்டம் பெரிதாகப் பெரிதாகப் பிடிப்பு கூடும். உங்கள் கருவிகளுக்கு 36 முதல் 44 மி.மீ. வரை போதுமானது. பூட்டும் குமிழோடு, பந்தின் இறுக்கத்தை முன்கூட்டியே அமைத்துக்கொள்ளும் தனிக் குமிழும் இருக்கட்டும். அது இல்லாத ஹெட்டில், பூட்டைத் தளர்த்திய கணமே கேமரா தலைகுப்புறச் சாயும்.

கேமராவின் அடியில் திருகும் பிளேட்டை ஹெட்டின் மேல் பிடித்துக்கொள்ளும் கிளாம்ப் விஷயத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஆர்க்கா-ஸ்விஸ் வகையில், சுமார் 38 மி.மீ. அகலமுள்ள பிளேட்டை ஏற்கும் கிளாம்பையே தேர்ந்தெடுங்கள். அந்த வடிவத்தைப் பல நிறுவனங்கள் பின்பற்றுவதால், பின்னாளில் ஹெட்டை மாற்றினாலும் பிளேட்டுகளை மாற்ற வேண்டியிருக்காது. ஆனால் எல்லாருடைய அளவும் மயிரிழை பிசகாமல் ஒன்றாக இருப்பதில்லை. நெம்புகோலால் பூட்டும் கிளாம்பில் வேறொரு நிறுவனத்தின் பிளேட் தளர்வாக நிற்கலாம். திருகி இறுக்கும் கிளாம்ப் அந்த வேறுபாட்டைச் சமாளித்துவிடும் என்பதால் எனது பரிந்துரை அதுவே.

மிச்சம் பிடிக்க வேண்டிய இடங்களும் உண்டு. பெரும்பாலான புதிய கேமராக்களிலேயே மின்னணு மட்டம் இருப்பதால் ஹெட்டில் குமிழி மட்டம் தேவையில்லை. பாகைக் கோடுகளும் வண்ணப் பூச்சும் படத்தைக் கூர்மையாக்குவதில்லை. பந்து கீறலின்றி, பூட்டு சரியாகப் பிடிக்கும் பழைய ஹெட் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம்.

கேள்வி: மேசைமேல் பொருட்களை வைத்துப் படமெடுக்கிறேன். எல்லாரும் பால் ஹெட்டையே சொல்கிறார்கள். மூன்று கைப்பிடிகள் கொண்ட ஹெட் காலாவதியாகிவிட்டதா?

பதில்: இல்லை, உங்கள் பணிக்கு அதுவே பொருத்தம். பால் ஹெட்டைத் தளர்த்தினால் எல்லாத் திசைகளும் ஒருசேர விடுபட்டுவிடும். மூன்று கைப்பிடி ஹெட்டிலோ ஒவ்வொரு கைப்பிடியும் ஒரு திசைக்கு என்பதால், மற்ற இரண்டையும் அசைக்காமல் ஒரு திசையை மட்டும் திருத்தலாம். பருமனும் கைப்பிடிகளும் மலையேறுபவருக்குத் தொல்லை. ஓரிடத்தில் நின்று வேலை செய்பவருக்கு அல்ல. பற்சக்கர ஹெட் இன்னும் நுட்பமாக நகரும் என்றாலும் விலையும் எடையும் கூடுதல் என்பதால், மூன்று கைப்பிடி ஹெட் போதவில்லை என்று உணர்ந்த பிறகு அதை யோசிக்கலாம்.

கேள்வி: புதிய ஹெட்டின் அடியிலுள்ள துளை, என் ட்ரைபாடின் திருகைவிடப் பெரிதாக இருக்கிறது. திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பதில்: வேண்டியதில்லை. உங்கள் கால்களில் 1/4 அங்குலத் திருகும், ஹெட்டில் 3/8 அங்குலத் துளையும் இருக்கக்கூடும். இரண்டையும் இணைக்கும் சிறிய உலோகப் புஷ் தனியாகக் கிடைக்கிறது. துளையின் விளிம்புக்கு மேல் துருத்தாதபடி அதை முழுவதும் உள்ளே திருகிய பிறகே ஹெட்டை மாட்டுங்கள். துருத்திக்கொண்டிருந்தால் ஹெட்டின் அடிப்பகுதி ட்ரைபாடின் மேல்தட்டில் படியாமல் ஆடும்.