இரண்டாவது பாட்டும் இருக்கட்டும்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். சென்ற மாதம் ஒரு வாசகருக்கு எழுதிய பதிலில், "பாட்டில் பெண் குரல்களின் மவுசு அலையைப் போன்றது. எழும், விழும். கேட்பவர்களின் ரசனை மாறும்போது அதுவும் மாறும்" என்று சொல்லியிருந்தீர்கள். அதை என் மனம் ஏற்கவில்லை.

என் அம்மாவின் காலத்தில் வானொலியைத் திருகினால் சுசீலா, ஜானகி. இன்று நான் பாடசாலைக்குப் போகும் பஸ்ஸில் ஓடும் புதுப்படப் பாட்டுகளில் பெண் குரல் இரண்டு வரி வந்து மறைந்துவிடுகிறது. ஆனால் என் மகள் கைப்பேசியில் கேட்பதெல்லாம் டெய்லர் ஸ்விஃப்ட், பில்லி ஐலிஷ், பியோன்சே. அங்கே பெண்கள் ஏறுகிறார்கள், இங்கே இறங்குகிறார்கள். இரண்டு இடத்திலும் கேட்கிற காது ஒன்றுதானே?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் கலைவிழாவுக்கு என் வகுப்புப் பெண் பிள்ளைகள் இருவர் ஆளுக்கொரு பாட்டுப் பழகினார்கள். "பெண் பிள்ளைகளின் பாட்டு அடுத்தடுத்து இரண்டு வேண்டாம், ஒன்றை எடுத்துவிடுங்கள்" என்று நிகழ்ச்சிப் பட்டியல் போட்டவர்கள் சொல்லிவிட்டார்கள். அந்தப் பிள்ளையிடம் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

எஸ்., தலவாக்கலை

*

அன்புள்ள தங்கைக்கு,

நான் எழுதியது தவறு. உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தியை வாசித்ததும் அது உறைத்தது. கேட்பவர்களின் ரசனை என்று எழுதிவிட்டேன். பட்டியல் போடுகிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை.

அந்தப் பிள்ளைக்குச் சொல்லப்பட்டதை உலகத்தின் பெரிய பெரிய பாடகிகளுக்கும் சொல்லியிருக்கிறார்கள். 1990களில் அமெரிக்காவிலும் கனடாவிலும் வானொலி நிலையங்கள் இரண்டு பெண்களின் பாட்டை அடுத்தடுத்து ஒலிபரப்பத் தயங்கின. கச்சேரி நடத்துகிறவர்கள் ஒரே மேடையில் இரண்டு பெண்களை ஏற்றினால் டிக்கெட் போகாது என்றார்கள். கனடியப் பாடகி சாரா மெக்லாக்லன் இதைக் கேட்டுச் சலித்து, பெண்களை முதன்மையாக வைத்தே 'லிலித் ஃபேர்' என்ற இசைவிழாவை 1997இல் தொடங்கினார். ஊர் ஊராகப் போகும் இசைவிழாக்களில் அந்த ஆண்டு அதிகம் வசூலித்தது அதுதான். டிக்கெட் போகாது என்ற பேச்சு ஒரே கோடையில் பொய்த்தது.

பொய்த்த பேச்சு செத்துவிடவில்லை. 2015இல் அமெரிக்க நாட்டுப்புறப் பாணி இசையை ஒலிபரப்பும் வானொலிகளுக்கு ஆலோசனை சொல்லும் ஒருவர், நேயர்கள் கூட வேண்டுமானால் பெண்களின் பாட்டைக் குறையுங்கள் என்று வெளிப்படையாகவே சொன்னார். ஆண் பாடகர்கள் சாலட்டின் கீரையாம், பெண் பாடகர்கள் அதன்மேல் தூவும் தக்காளியாம்.

அங்கே நடந்த ஏற்ற இறக்கத்தைப் பாருங்கள். 1999இல் அமெரிக்காவின் பெரிய இசை விருதான கிராமிக்கு ஆண்டின் சிறந்த ஆல்பம் என்று போட்டியிட்ட ஐந்திலும் முன்நின்று பாடியது பெண் குரல். லாரின் ஹில் வென்றார். 2018இல் அதே போட்டியின் ஐந்து பேரில் பெண் ஒருவர்தான். அது பற்றிக் கேட்டபோது, பெண்கள் இன்னும் முன்வர வேண்டும் என்று விருதை வழங்கும் அமைப்பின் தலைவர் பதில் சொல்லிப் பெருங்கண்டனத்துக்கு ஆளானார். 2024இல் எட்டு இடங்களில் ஏழு பெண்களுக்கு. டெய்லர் ஸ்விஃப்ட் அந்த விருதை நான்காவது முறையாக வென்றார், அதற்கு முன் எந்தப் பாடகரும் நான்கு முறை வென்றதில்லை. இடையில் பெண்களுக்குத் தொண்டை கட்டியிருந்ததா? தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012 முதல் 2017 வரை அமெரிக்காவில் அதிகம் கேட்கப்பட்ட 600 பாட்டுகளை எடுத்து எண்ணினார்கள். பாடியவர்களில் பெண்கள் 22.4 விழுக்காடு. 2023இல் அது 35 ஆனது. உங்கள் மகளின் கைப்பேசியைப் பார்த்து அங்கே எல்லாம் பெண்கள் கைக்கு வந்துவிட்டது என்று நினைக்கிறோம். ஏறிய பிறகும் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டியிருக்கிறது, அவ்வளவுதான். பாட்டைத் தயாரிக்கும் இடத்தில் பெண்கள் இன்னும் மிகச் சிலரே.

ஒரு திருவிழா இரவைச் சொல்கிறேன். நான் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு டவுனிலிருந்து ஓர் இசைக்குழு வந்தது. நோட்டீஸில் கிட்டார் வாசிப்பவர் பெயர், தபேலா வாசிப்பவர் பெயர், ஒலிபெருக்கிக்காரர் பெயர்கூட இருந்தது. கடைசி வரியில் "மற்றும் பெண் பாடகி" என்று இருந்தது. அந்த அக்கா மேடையின் ஓரத்தில் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சேலைக்கு மேல் ஒரு ஆண் பிள்ளையின் கம்பளிச் சட்டை, காதை மூடி ஒரு துவாய். பங்குனி இரவின் பனி. ஜோடிப் பாட்டு வரும்போது துவாயை எடுத்துவிட்டு எழுந்து பாடுவார், திரும்பி வந்து உட்கார்ந்து மறுபடி காதை மூடிக்கொள்வார். நடுவில் தனியாக ஒரு பாட்டுப் பாடினார். லயத்து வரிசை வீடுகளின் பெண்கள் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து, இன்னொன்று பாடச் சொல்லுங்கள் என்று சத்தம் எழுந்தது. என் அம்மாவும் கத்தினார். பிறர் முன்னால் அம்மா குரல் உயர்த்தி நான் கேட்டது அன்றைக்குத்தான். மேடையில் நின்றவர் மைக்கைப் பிடித்து, "இப்போதுதானே ஒரு பெண் பாட்டுப் போனது, அடுத்தது ஆண் பாட்டு" என்றார். அதற்குப் பிறகு அந்த அக்காவுக்குத் தனிப்பாட்டே வரவில்லை.

விடிய ஐந்து மணிக்குக் கோயில் ஒலிபெருக்கியில் எல். ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டைப் போட்டார்கள். ஒரு மணி நேரம் ஒரே பெண்ணின் குரல், ஒன்று முடிய ஒன்று. இரவு மேடையில் நின்ற அதே ஆள் கோயில் வாசலில் நின்று தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். எவருக்கும் அலுக்கவில்லை.

ஈஸ்வரியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லாமல் என்னால் போக முடியாது. குழுப்பாட்டில் நின்று பாடிக்கொண்டிருந்தவர், 1961இல் பாசமலர் படத்தில் தோழிக்குப் பாடிப் பெயர் பெற்றார். அதன்பின் சினிமா அவருக்கு ஓர் இடத்தைக் குறித்துக் கொடுத்தது. கதாநாயகியின் காதலுக்கும் கண்ணீருக்கும் சுசீலா. ஆட்டத்துக்கும் குறும்புக்கும் ஈஸ்வரி. அப்படிப்பட்ட ஆட்டப் பாட்டு குறைந்தபோது, ஈஸ்வரி காலம் முடிந்தது என்றார்கள். நம் தோட்டங்களில் எந்தக் காலம் முடிந்தது? ஆடி பிறந்தால் அவர் குரல்தான். சினிமாவின் கணக்கு அதை எண்ணுவதில்லை.

நம் பேச்சையே கவனியுங்கள். சுசீலா காலம், ஜானகி காலம், சித்ரா காலம் என்கிறோம். ஒருவர் எழுந்தால்தான் அடுத்தவர் உட்காரலாம் என்பதுபோல. வாணி ஜெயராமையும் சுவர்ணலதாவையும் எந்தக் காலத்தில் வைப்பது என்று தெரியாமல் ஓரமாக வைத்திருக்கிறோம். டி. எம். சௌந்தரராஜன், சீர்காழி கோவிந்தராஜன், பி. பி. ஸ்ரீனிவாஸ் மூவரும் ஒரே காலத்தில் பாடினார்கள். ஒருவர் வந்ததால் மற்றவர் போனார் என்று அவர்களைப் பற்றி யாராவது சொல்கிறோமா?

படப்பாட்டில் பெண் குரல் குறைந்தது நீங்கள் சொல்வதுபோல் உண்மைதான். அது காதின் குற்றம் என்று நான் இனி எழுத மாட்டேன். படப்பாட்டு காட்சிக்காகப் பிறப்பது. தாலாட்ட, காத்திருக்க, கோபித்துக்கொள்ள, கோயிலில் நின்று அழ, தோழியைச் சீண்ட என்று கதாநாயகிக்குக் காட்சிகள் இருந்த காலத்தில் சுசீலாவுக்குப் பாட்டு இருந்தது. பல மொழிகளில் தனித்தும் சேர்ந்தும் அவர் பாடியவை 17,695 என்று 2016இல் கின்னஸ் பதிவு சொன்னது. இன்று நாயகன் திரையில் நுழைவதற்கு ஒரு பாட்டு, அவன் குடிக்க ஒன்று, அவளை நினைத்து அவன் பாட ஒன்று. அவள் அவனை நினைப்பதற்குக் காட்சி இல்லை. கதையில் வாயில்லாத பெண்ணுக்கு எந்தப் பாடகி பாட முடியும்?

இதில் மலையகத்து நாம் சுத்தமானவர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. மாசியில் காமன் கூத்து ஆடுகிறோம். ரதி வேடத்தையும் ஆண்தான் கட்டுவது வழக்கம். சாவு வீட்டில் ஒப்பாரி வைப்பது பெண்கள், தொட்டிலாட்டிப் பாடுவது பெண்கள், மலையில் கொழுந்து பறிக்கும்போது பாட்டெடுத்ததும் அவர்கள்தான். மலையக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை தேடித் தொகுத்த மலைநாட்டுப் பாடல்களைப் பாதுகாத்து வைத்திருந்தவை அந்தத் தொண்டைகள். ஆனால் மேடை கட்டியதும் அதில் ஏறுவது ஆண்கள். 1960களின் இறுதியில் நம் நாட்டில் தமிழ்ப் பொப் இசை பிறந்தது. நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் என்று பெயர்கள் வரிசையாக நம் நாவில் வருகின்றன. அதே மூச்சில் ஒரு பெண்ணின் பெயர் வருகிறதா என்று உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

வழி விட்ட இடங்களும் நம் மலைகளில் இருந்தன. தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மாள் தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர் கூட்டங்களில் பாடினார். தொழிற்சங்கப் பேச்சுக்கு வராத பெண்களும் அந்தப் பாட்டுக்கு வந்திருப்பார்கள் என்று நான் நம்புகிறேன். நுவரெலியாவுக்குப் போகும் வழியில் அருவியைப் பார்க்க எல்லோரும் இறங்கும் றம்பொடையில்தான் 1923இல் டெய்ஸி டேனியல்ஸ் என்ற குழந்தை பிறந்தது. ருக்மணி தேவி என்ற பெயரில் 1947இல் வெளிவந்த முதல் சிங்களப் பேசும் படத்தில் நடித்து, பாடி, நாடு முழுவதும் அறிந்த குரல் ஆனார். அந்த வழியில் எத்தனை முறை போயிருப்பீர்கள், யாராவது உங்களுக்குச் சொன்னார்களா?

அண்மையில் நடந்ததையும் பாருங்கள். 2021இல் நம் நாட்டுப் பாடகி யொஹானியின் சிங்களப் பாட்டு ஒன்று யூடியூப் வழியாக இந்தியா முழுவதும் பரவியது. சிங்களம் தெரியாதவர்கள் விரும்பிக் கேட்டார்கள். 2023, நம் முன்னோர் இந்த மலைகளுக்கு வந்து 200 ஆண்டு என்று நாம் நினைவுகூர்ந்த ஆண்டு. அதே ஆண்டில் தமிழகத் தொலைக்காட்சி ஒன்றின் சிறுவர் பாட்டுப் போட்டியில் புசல்லாவைப் பக்கத்து அசானியும் யாழ்ப்பாணத்துக் கில்மிஷாவும் பாடினார்கள். கில்மிஷா பட்டத்தை வென்றார். அசானி பாடிய இரவுகளில் எங்கள் லயத்தில் தொலைக்காட்சி இருந்த காம்பராவின் இஸ்தோப்புத் திண்ணை வரை ஆட்கள் நின்றார்கள். எழுபது வயதுப் பாட்டி ஒருவர், கொழுந்துக்கூடையின் கயிறு ஏறி ஏறிக் காய்த்துப்போன உச்சந்தலையில் கை வைத்தபடி, பாட்டு முடியும் வரை அசையாமல் நின்றார். நம் நாட்டுப் பெண் பிள்ளைகள் இருவர் ஒரே மேடையிலா, ஒன்று போதாதா என்று அங்கே எவரும் கேட்கவில்லை. இருவரும் பாட வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டார்கள்.

ஆகவே அந்தப் பிள்ளையிடம், உன் பாட்டில் குறை இல்லை என்று இன்றே சொல்லிவிடுங்கள். பட்டியல் போட்டவர்களிடம் ஒன்று மட்டும் கேளுங்கள். போன ஆண்டு விழாவில் ஆண் பிள்ளைகளின் பாட்டு அடுத்தடுத்து எத்தனை வந்தது என்று பழைய பட்டியலை எடுத்து எண்ணச் சொல்லுங்கள். கோபப்பட வேண்டாம், அவர்களும் யாரோ சொன்னதைத்தான் திருப்பிச் சொல்கிறார்கள். கேட்டும் அசையாவிட்டால், இரண்டு பாட்டுக்கும் நடுவில் ஒரு நிமிடப் பேச்சைச் செருகிக்கொள்ளுங்கள். பாட்டை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

நிகழ்ச்சிப் பட்டியலில் இரண்டு பேருடைய பெயரையும் முழுதாக எழுதுங்கள். விழா எந்தக் கிழமை என்று தெரியப்படுத்துங்கள். ஹட்டனிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்தால் மங்கள விளக்கு ஏற்றுவதற்கு முன் வந்துவிடுவேன். அம்மாவையும் கூட்டி வருகிறேன்.

அன்புடன்,
அக்கா